வசந்திக்கு, என் சனிக்கிழமைகளைப் பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. மகள் வீட்டோடு போய்விட்டதும் நல்லதுதான், மாடிப்படி ஏறும் தொல்லை இல்லை. இங்கே எல்லோரும் சுகம். இவர் ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டில் எண்ணெய் போடாத கதவு எதுவும் இனி பாக்கியில்லை.

ஓய்வுக்கு அப்புறமும் சனிக்கிழமையானால் எதற்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிறாய், அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் உதவித்தொகை கொட்டிக்கிடக்கிறதே என்று கேட்டிருந்தாய். கிடக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதை எங்கே போய், யாரிடம், எந்தத் தேதிக்குள் கேட்பது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே.

போன வசந்த காலத்தில் ஒரு பெண் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. முழுச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்களாம். வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் மானியம், அதிகபட்சமான 7,395 டாலர். அது இனாம், திருப்பித் தர வேண்டாம். அடுத்த வரியில் வளாகத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டிய தொகை. அதற்குக் கீழே 5,500 டாலர். அது கடன். மூன்றையும் ஒரே தலைப்பின் கீழ் வரிசையாக அச்சடித்து, அடியில் மொத்தத் தொகை போட்டிருந்தார்கள். கடன் என்ற சொல்லே அந்தத் தாளில் எங்கும் இல்லை, ஒரு சுருக்கெழுத்து மட்டும் இருந்தது. அவள் அம்மா இரவு வேலை பார்க்கிறவர், அப்பா பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். அந்தச் சுருக்கெழுத்தை அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள், சொல்லடி. எங்கள் திட்டத்தில் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு கல்லூரியின் கடிதத்தையும் எடுத்து வைத்து, இரண்டிலும் கடனை அடித்துவிட்டுக் கூட்டிக் காட்டினார். பெரிய தொகை எழுதியிருந்த கல்லூரிதான் கடைசியில் அதிகச் செலவு.

நான் போகும் திட்டத்துக்குப் பெயர் அப்வர்ட் பவுண்ட், ஏழைப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்படுத்துவது. ஜான்சன் ஜனாதிபதியாக இருந்தபோது, 1964 இல் வந்த வறுமை ஒழிப்புச் சட்டத்திலிருந்து பிறந்தது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு திட்டங்கள் சேர்ந்து, மூன்றுக்குமாக ட்ரையோ என்ற பெயர் வந்தது. இப்போது எட்டு இருக்கின்றன. எல்லாமே மத்திய அரசின் பணம், அண்மை ஆண்டுகளில் வருடத்துக்குச் சுமார் 119 கோடி டாலர். பயன்பெறுகிறவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். சேர்த்துக்கொள்ளும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேராவது ஏழைகளாகவும், அதோடு குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்களாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. நடிகை வயோலா டேவிஸ் இப்படிப் படித்து வந்தவர். விண்வெளி வீரர் ஹோசே ஹெர்னாண்டஸும் அப்படியே.

ஊக்கத்தொகையும் உண்டு: மாதம் 40 டாலர் வரை, கோடையில் 60 வரை. சட்டத்திலேயே எழுதி வைத்த உச்சவரம்பு. இன்றைய விலைவாசியில் அது பஸ் காசுக்குக் கூடக் காணாது, ஆனாலும் பிள்ளைகள் வருகிறார்கள்.

2025 இல் ட்ரம்ப் அரசு தந்த பட்ஜெட் முன்மொழிவில் ட்ரையோவுக்கு ஒரு சல்லி இல்லை. இப்போதெல்லாம் ஏழைகளுக்குக் கல்லூரி எட்டாத இடம் இல்லை, இந்தத் திட்டங்களின் காலம் முடிந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழு அதை ஏற்கவில்லை. அதன் தலைவர் சூசன் காலின்ஸ் ட்ரம்பின் கட்சிக்காரர்தான், ஆனால் ட்ரையோவுக்குப் பழைய ஆதரவாளர். இதற்கு முன்பு புஷ் காலத்திலும் அப்வர்ட் பவுண்டை மூடப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தப்பித்துக்கொள்கிறது என்பது சரி. ஆனால் அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாமல் ஒரு நல்ல ஆலோசகர் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்?

2017 இல் நடந்த கூத்து உனக்குச் சிரிப்பு மூட்டும். அப்வர்ட் பவுண்டை நடத்த மானியம் கேட்டுக் கல்லூரிகள் அனுப்பிய விண்ணப்பங்களில் பலவற்றை, உள்ளே எழுதியிருந்ததைப் படிக்காமலே கல்வித் துறைக்காரர்கள் தள்ளிவிட்டார்கள். வரிகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியைச் சில பகுதிகளில் விடவில்லையாம்! இரண்டு கட்சி எம்பிக்களும் சத்தம் போட்ட பிறகுதான் எடுத்துப் படித்தார்கள். எங்கள் பிள்ளைகள் பாரம் நிரப்பத் தெரியாமல் தடுக்கி விழக்கூடாது என்பதற்காக இருக்கிற திட்டம் பாரத்திலேயே தடுக்கி விழுந்தது.

எதிர்ப்பவர்கள் கையில் ஒரு வலுவான ஆயுதமும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. தொண்ணூறுகளில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சேர்த்து மறுபகுதியை விட்டு, பல வருடம் பின்தொடர்ந்தார்கள். 2009 இல் வந்த இறுதி அறிக்கை, ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் கல்லூரியில் சேரும் விகிதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றது. ஒரே ஒரு மையத்துக்கு அளவுக்கு மீறிய எடை கொடுத்துக் கணக்குப் போட்டார்கள் என்று அதன்மேல் கடும் விமர்சனம் வந்தது. அந்தச் சண்டை இருக்கட்டும். அதே அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: பட்டப்படிப்பெல்லாம் நமக்கு நடக்கிற காரியமா என்று தொடக்கத்தில் நினைத்திருந்த பிள்ளைகளுக்கு மட்டும் பலன் தெளிவாகத் தெரிந்தது.

என் வகுப்பிலும் அதைத்தான் பார்க்கிறேன். தானாக விண்ணப்பித்து வந்து முதல் வரிசையில் உட்காருகிறவர்கள் நாங்கள் இல்லாவிட்டாலும் ஏதாவது வழி கண்டுபிடிப்பார்கள். ஆசிரியர் பிடித்துத் தள்ளியதால் வந்து, தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக் கொண்டு பின்னால் உட்காருகிறவன்தான் எங்களுக்கு வேண்டியவன். ஆனால் அவனைச் சேர்த்தால் தேர்ச்சிக் கணக்கு குறையும். முந்தைய ஐந்தாண்டில் இலக்கை எட்டிய மையங்களுக்கு அடுத்த மானியத்தில் கூடுதல் மதிப்பெண் உண்டு என்பதால், எந்த நிர்வாகிக்கும் முதல் வரிசைப் பிள்ளைகள் மேல்தான் கண் போகும். பணத்தை நிறுத்துவதா வேண்டாமா என்றே வருடா வருடம் அடித்துக்கொள்கிறார்கள். யாருக்காகச் செலவு செய்தால் பலன் அதிகம் என்று பேசி இந்த விதியை மாற்ற ஒருவருக்கும் நேரம் இல்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

சரி, என் புராணம் போதும். கோடையில் பிள்ளைகள் ஆறு வாரம் கல்லூரி விடுதியிலேயே தங்கிப் படிப்பார்கள். அதனால் ஜூன், ஜூலையில் நான் அசைய முடியாது. ஆகஸ்டில் பத்து நாள் உன்னோடு வந்து இருக்கலாமா? மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சிரமம் இல்லையா என்று கேட்டு எழுது. டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
கலா