கே. எல். ராவ் சிறுநூல்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பொறியாளராக இருந்து மத்திய நீர்ப்பாசன, மின்துறை அமைச்சரான கே. எல். ராவைப் பற்றி நான் எழுதிவந்த சிறுநூல் ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கும். அது நியாயமாகப் படவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி நூலகத்து அக்காவுக்கு. 1963இல் நேரு காலத்தில் பதவிக்கு வந்த ராவ், சாஸ்திரி, இந்திரா ஆட்சிகளிலும் அதே துறையில் இருந்தவர். அப்படியானால் எத்தனை மக்களவை விவாதத் தொகுதிகளைப் புரட்ட வேண்டும் என்று பாருங்கள்! தும்மிக்கொண்டே அத்தனையையும் இறக்கிக் கொடுத்தார்.

விஜயவாடா நண்பர் தெலுங்கில் இருந்ததையெல்லாம் வாசித்துப் பொருள் சொன்னார். கங்கிபாடில் 1902இல் பிறந்து, சிறுவயதில் விளையாட்டில் ஒரு கண்ணின் பார்வையை இழந்த பையன், சென்னை கிண்டியில் பொறியியல் படித்து, பர்மிங்காமில் முனைவர் பட்டம் வாங்கி, 1962இல் விஜயவாடா தொகுதியின் எம்.பி. ஆன கதை அவர் வாயால் கேட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

அப்புறம், பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற நம் பொறியாளர் சார். இவருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். வலுவூட்டிய கான்கிரீட்டைப் பற்றி (உள்ளே இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்) நூலே எழுதிய ராவ், கிருஷ்ணா ஆற்றின் குறுக்கே கல்லால் கட்டும் நாகார்ஜுனசாகர் அணைக்கு எப்படித் துணை நின்றார் என்பது எனக்குப் புரியவே இல்லை. சார் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து விளக்கினார். 1955இல் அடிக்கல் நாட்டிய காலத்தில் சிமென்ட் தட்டுப்பாடு. பெரிய இயந்திரங்களை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணியும் கையில் இல்லை. கருங்கல்லும் ஆள்பலமும் தாராளமாக இருந்தன. இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டதில் 124 மீட்டர் உயரத்துக்குக் கல் அணை எழுந்தது. நூலிலேயே நல்ல அத்தியாயம் இதுதான் என்பது என் எண்ணம். பெருமை சாருக்கு.

கைப்பிரதியைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்த தம்பிக்கும் நன்றி. 1972இல் ராவ் முன்வைத்த கங்கை–காவிரி இணைப்பை நான் வாயாரப் புகழ்ந்திருந்தேன். பாட்னா அருகே கங்கைத் தண்ணீரை எடுத்து, வழியில் மேட்டு நிலத்துக்கு ஏற்றி, காவிரி வரை கொண்டுவர 2,640 கிலோமீட்டர் கால்வாய், தமிழ்நாட்டுக்காரனுக்கு ஆசை வராதா என்ன? "சரி அண்ணே, தண்ணியை அவ்வளவு உயரம் ஏத்துறதுக்கு கரண்ட் எங்கிருந்து வரும்?" என்றான் தம்பி. திட்டத்தை ஆராய்ந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான மெகாவாட் மின்சாரம் தேவை, செலவுக்குக் கட்டாது என்று அது கைவிடப்பட்டது. ஆனாலும் ராவை நான் விட்டுக்கொடுக்கவில்லை. எத்தனை கன அடி, எத்தனை நாள், எங்கே ஏற்றுவது என்று எண்களோடு திட்டத்தை முன்வைத்த அமைச்சர் அவர். அதனால்தான் மற்றவர்களால் அதைச் சரிபார்த்து மறுக்க முடிந்தது. வெறும் வாக்குறுதியை எப்படிச் சரிபார்ப்பது? தம்பியின் கேள்வியும் என் பதிலும் நூலில் அப்படியே இருக்கின்றன.

மெய்ப்புப் பார்த்த என் மகளுக்கும், கடைசி நேரத் திருத்தங்களை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்ட அச்சகத்தாருக்கும் நன்றி.

பிரதிகள் வந்ததும் முதலில் உங்களுக்குத்தான். விஜயவாடா நண்பருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவருக்கு நானே போனில் வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்