தலைக்கட்டு வரி

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள ராஜேந்திரனுக்கு,

போன வாரம் போனில் நம் பேச்சு பாதியில் நின்றுபோனது. நின்றது என்ன, நீதான் வைத்துவிட்டாய். தப்பில்லை, நானும் கத்திவிட்டேன். அறுபத்தேழு வயதில் இரண்டு கிழவர்கள் சாமி உண்டா இல்லையா என்று போனில் மல்லுக்கட்டினால் வீட்டில் உள்ளவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? உன் தங்கச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுக்குப் பேசாம லெட்டரே போட்டிருக்கலாம்" என்றாள். அதனால்தான் இது. லீவில் ஊருக்குப் போனால் இன்லாண்ட் லெட்டரில் மடிப்பு ஓரம்வரை நுணுக்கி நுணுக்கி எழுதுவோமே, அதே கைதான். எழுத்து மட்டும் பெரிதாகிவிட்டது. இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, வலது கண்ணுக்கு ஆவணியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பேரன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். நம் கணக்கு வாத்தியார் தவறிவிட்டார், தொண்ணூற்றொன்று. சேதி இவ்வளவுதான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். "உனக்குச் சாமி இல்லேன்னா விட்டுட்டுப் போயேன்டா, கும்பிடுறவனை எதுக்கு நோண்டுறே?" என்று கேட்டாய். உன் வீட்டுப் பூஜை அறை முருகனோடு எனக்கு ஒரு வழக்கும் கிடையாது. வருஷா வருஷம் பழனிக்கு நடக்கிறாய். கால் உன்னுடையது, கொப்புளமும் உன்னுடையது. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வாசலுக்கு வருகிற சாமியோடுதான் எனக்கு வழக்கு. போன மாதம் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு நீ திட்டு.

நீ டவுனில் பிறந்தவன், தலைக்கட்டு வரி என்றால் உனக்கு விளங்காது. எங்கள் ஊரில் (மேலூரில் இறங்கி டவுன்பஸ் பிடிக்க வேண்டும், அண்ணன் கல்யாணத்துக்கு வந்திருக்கிறாய்) கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாலும் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தாலும் தலைக்கட்டு ஊரில்தான். விதவைக்குப் பாதி வரி. கல்யாணம் ஆகாதவனுக்கு வரியும் கிடையாது, ஊர் கூடிப் பேசுகிற மந்தையில் வாயைத் திறக்கவும் முடியாது. வைகாசியில் அம்மனுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் மந்தையில் கூட்டம் போட்டு வரியை நிர்ணயம் பண்ணுவார்கள். பெண்கள் அங்கே உட்காருவதில்லை. இந்த வருஷம் தலைக்கட்டுக்கு மூவாயிரம். மைக்செட், சீரியல் லைட், வாணவேடிக்கை, வள்ளி திருமண நாடகம், எல்லாம் அதில் அடக்கம்.

அண்ணன் இருந்தவரை என் வரியை அவரே கட்டிவந்திருக்கிறார். எனக்குச் சொன்னதில்லை. அவர் போன பிறகுதான் நோட்டோடு என்னைத் தேடி வந்தார்கள். மதினியைப் பார்க்கப் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பையன்கள், ஒருவன் டிகிரி முடித்தவன்.

"மாமா, நோட்டுல நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"நான் சாமி கும்பிடுறதில்லையேப்பா."

"கும்பிட வேணாம் மாமா. வரி குடுத்தாப் போதும்."

ராஜேந்திரா, இத்தனை வருஷமாக மதத்தைப் பற்றி நான் வாசித்த எதிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. பக்தி இருக்கிறதா என்று அவன் கேட்கவே இல்லை. நான் சொன்னேன்: "பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைக கக்கூஸுக்குக் கதவு இல்லை. கண்மாய் மடை உடைஞ்சு கிடக்கு. அதுக்குன்னா பத்தாயிரம் தர்றேன், இப்பவே எழுதிக்கோ." அவன் பொறுமையாகச் சொன்னான்: "அது நன்கொடை மாமா. இது வரி."

தரவில்லை. அவர்களும் சண்டை போடவில்லை. வரி கட்டாதவனுக்குத் திருநீறு கிடையாது. அது எனக்குத் தேவையும் இல்லை. நல்லது கெட்டதுக்கு ஊர் வராது. நான் இருப்பது மதுரையில். ஆக என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று தெனாவெட்டாக இருந்தேன். அவர்கள் எங்கே பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, மதினிக்குத் தெரிந்திருந்தது.

அண்ணன் பேத்திக்குப் பதினோரு வயது. இந்த வருஷம்தான் முதல்முதலாக முளைப்பாரி போட்டிருந்தாள். மண்சட்டியில் வைக்கோலும் எருவும் போட்டு, தட்டாம்பயறும் மொச்சையும் நவதானியமும் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்திருந்தாள். கதவை ஒரு சாண் திறந்து எனக்குக் காட்டினாள். இருட்டுக்குள் ஒரு முழ உயரத்துக்கு வெளிர் மஞ்சளாய், நூல் நூலாய் நின்றது. வெயிலைப் பார்த்தால் பச்சையாகிவிடும் என்று உடனே சாத்திவிட்டாள். அன்று சாயங்காலம் மதினி சாணி கரைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, நோட்டுல பாக்கி இருக்கிற வீட்டு முளைப்பாரியக் கோயில் வாசல்ல எறக்க விடமாட்டாகளாம். உங்க கொள்கைக்கு அந்தப் பிள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

எனக்கு நாக்கு எழவில்லை.

அரசியல் சட்டத்தில் 27-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே செலவாகும் வரியைக் கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் அது அரசாங்க வரிக்குத்தான், மந்தை நோட்டுக்குச் செல்லாது. ஒதுக்கிவைக்கிற அதிகாரம் இருக்கிறதே, அதை எந்த மதமும் லேசில் விடாது. தாவூதி போரா முஸ்லிம்களின் தலைவர் தன் ஆட்களைச் சமூக விலக்கு செய்வதைத் தடுக்க பம்பாயில் 1949-ல் சட்டம் வந்தது. அது மத உரிமையில் தலையிடுகிறது என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் மகாராஷ்டிரத்தில் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க 2016-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. நம் கோயம்புத்தூரில் 2017 மார்ச்சில் ஃபாரூக் என்ற பையனை, கடவுள் இல்லை என்று சொன்னதற்காக வெட்டிக் கொன்றார்கள். முப்பத்தொரு வயது. உன் திருச்சியிலேயே மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், செத்த கிறிஸ்தவர்களைச் சாதி பார்த்துப் பிரித்துச் சுவர் நிற்கிறது. இந்து மதத்தை மட்டும் திட்டுகிறாய் என்று போனில் சொன்னாயே, அதற்காகத்தான் இதையெல்லாம் எழுதினேன். எனக்குப் பக்கத்தில் இருப்பது அம்மன் கோயில், அதனால் அதன் நோட்டு என்னிடம் வருகிறது. அவ்வளவுதான்.

இனி எனக்கே உறைத்த விஷயம். இதை உன்னிடம் மறைக்க முடியாது.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில், தலித்துகள் குடியிருக்கிற காலனிப் பையன் ஒருவன் வந்து பேசினான். வக்கீலுக்குப் படிக்கிறான். காலனி ஆட்கள் நாலு வருஷமாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன மனு தெரியுமா? "எங்ககிட்டயும் வரி வாங்குங்க" என்று. ஊர் வாங்க மாட்டேன் என்கிறது. வரி வாங்கிவிட்டால் அவர்களும் தலைக்கட்டு. தலைக்கட்டு ஆகிவிட்டால் மந்தையில் உட்கார வேண்டும், சப்பரம் அவர்கள் தெருவுக்கும் போக வேண்டும், முளைப்பாரி ஒரே வரிசையில் வர வேண்டும். முன்னெல்லாம் கொட்டு அடிக்க மட்டும் கூப்பிடுவார்கள். அவர்கள் அடிக்க மாட்டோம் என்று நிறுத்தியதும் திண்டுக்கல்லில் இருந்து செட் வருகிறது.

நான் அவனிடம் பெரிய மனுஷத்தனமாக, "அந்தக் கோயில் உங்களுக்கு எதுக்குப்பா? தூக்கிப் போட்டுட்டு வாங்க" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், உங்களுக்குக் கோயில் இருக்கு, அதனால வேணாம்னு சொல்றீங்க. எங்களுக்கு இன்னும் அது வந்து சேரவே இல்லையே, நாங்க எதைத் தூக்கிப் போட?"

பஸ் வந்துவிட்டது. மேலூர் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கட்டினவன் பெருமைக்குரியவன், கட்டாதவன் குற்றவாளி, கட்டுகிறேன் என்று கேட்கிறவன் அதைவிடப் பெரிய குற்றவாளி. எழுமலை பக்கம் உத்தப்புரத்தில் தலித்துகளை ஒதுக்க 1989-ல் கட்டிய சுவரில் 2008-ல் ஒரு வழி திறந்தார்கள், முத்தாலம்மன் கோயிலுக்குள் அவர்கள் போக 2011 ஆனது. பெரியார் கடவுள் இல்லை என்றும் சொன்னார், எல்லாரும் கருவறைக்குள் போக வேண்டும் என்றும் போராடினார். இரண்டும் எப்படி ஒட்டும் என்று நீ ஹாஸ்டல் மொட்டைமாடியில் என்னைக் கேட்டாய், நான் ஏதோ மழுப்பினேன். அந்தப் பையன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

உன் ஆட்களில் நல்லவர்கள் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8-ம் தேதி அதுவரை உள்ளே விடாத சாதிகளைச் சேர்ந்த கக்கனையும் மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு போன வைத்தியநாதய்யர் பழுத்த பக்தர். அன்றைக்கு அமைப்பு என்ன செய்தது? மீனாட்சியே கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லிப் பட்டர்களில் ஒரு பகுதியார் வெளியேறி, வேறொரு இடத்தில் தனியாக மீனாட்சியை வைத்து 1945 வரைக்கும் பூஜை நடத்தினார்கள். நாலு பேர் உள்ளே வந்ததற்காகத் தெய்வத்தையே வீடு மாற்றிவிட்டார்கள், பார்த்தாயா! நாத்திகன்கூட அவ்வளவு துணிய மாட்டான்.

நீ கேட்பாய், அப்ப சித்திரைத் திருவிழாவில் அழகரை மட்டும் ஏன் பார்க்கப் போகிறாய் என்று. போகிறேன்தான். எதிர்சேவை அன்றைக்கு ராத்திரி தல்லாகுளத்தில் நிற்பேன். ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் சட்டையை நனைத்துவிடுவார்கள், நீர்மோர் குடிப்பேன், என்ன கலர் பட்டு என்று நானும் எக்கிப் பார்ப்பேன். அங்கே யாரும் என்னிடம் நோட்டை நீட்டுவதில்லை. ஆனால் அங்கேயும் வி.ஐ.பி. பாஸ் வந்துவிட்டது. 2022-ல் ஆற்றுக்குள் நெரிசலில் இரண்டு பேர் செத்தார்கள். சாமி ஆற்றில் இறங்கியதில் அந்த இருவரின் வீட்டுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆபீசையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. அரசு அலுவலகங்களில் சாமி படங்களை எடுக்கச் சொல்லி அண்ணா காலத்தில் 1968-ல் சுற்றறிக்கை போனது. நான் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த ஆபீசில் அந்தச் சுற்றறிக்கையைப் பிரேம் போட்டு மாட்டியிருந்தால் அதற்கும் சந்தனம் வைத்திருப்பார்கள். ஆயுத பூஜைக்குப் பிரிவுவாரியாக வசூல். பக்கத்து சீட் முஸ்லிம் நண்பரும் கொடுப்பார், சிரித்துக்கொண்டே கொடுப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதுதான் புரிகிறது. நானும் கொடுத்தேன், பொரிகடலையும் தின்றேன். எங்கள் பகுத்தறிவுக்காரர்களைப் பற்றிக் கேட்காதே. மேடையில் கறுப்புச் சட்டை, வீட்டுக்குக் கால்கோள் ஊன்ற நல்ல நேரம் பார்க்க ஜோசியர்.

முளைப்பாரி கதை பாதியில் நிற்கிறது. திருவிழா அன்று போனேன், போகாமல் இருக்க முடியவில்லை. பேத்தி பட்டுப் பாவாடையோடு, தலையில் சும்மாடு வைத்து, முளைப்பாரியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நான்காவதாக வந்தாள். யாரும் தடுக்கவில்லை. ஊருக்கு மனசு இளகிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கொட்டிலைப் பார்த்தேன். ஐந்து ஆடு நின்ற இடத்தில் நான்குதான் நின்றது.

மதினி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது மூவாயிரத்தை அவர் கையில் வைத்தேன், வாங்கி முந்தியில் முடிந்துகொண்டார். ஆக, அரசியல் சட்டம் 27-வது பிரிவெல்லாம் பேசினவன் வரி கட்டிவிட்டான்.

நேராகக் கோயில் திண்ணைக்குப் போனேன். டிகிரிப் பையன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். எண்பது பக்க நோட்டு, மேலே மஞ்சள், பிள்ளையார் சுழி. அண்ணன் பெயருக்கு நேரே 'காலம்' என்று எழுதி, மதினிக்கு அரை. அடுத்த வரியில் என் பெயர், பச்சை மையில் ஒரு டிக். காலனி ஆட்கள் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. "என் பேரை அடிச்சிருப்பா, அதுல அந்தப் பையன் பேரை எழுது" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

"அடிச்சா நோட்டு அசிங்கமாயிரும் மாமா" என்றான்.

தைப்பூசத்துக்கு நடக்கும்போது ஒட்டன்சத்திரத்துக்கு வந்து சேருகிறேன். அங்கிருந்து பழனி அடிவாரம் வரை உன்னோடு நடப்பேன், மலை ஏற மாட்டேன். போன தடவை மாதிரி புதுச் செருப்பு வாங்கிவிட்டு நடக்காதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். இதற்குப் பதிலைப் போனில் சொல்லாதே, எழுது.

உன்,
சந்தானம்