ஒரு முடிச்சு சிவப்பு, இரண்டு முடிச்சு பச்சை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ ஃபோனை வைத்த பிறகு நானும் அம்மாவும் வெகுநேரம் தூங்கவில்லை. உன் மகன், நம் தம்பி, மரத்தண்டுக்குப் பச்சையும் இலைக்கு பிரவுனும் அடித்து வைத்திருந்ததை டீச்சர் கவனித்துச் சொன்னது, நீங்கள் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனது, அந்தப் புள்ளிப் படங்களில் அவனுக்குப் பல எண்கள் தெரியாமல் போனது, எல்லாம் சொன்னாய். உன் மாமியார் "எங்க பக்கத்துல யாருக்கும் இல்லையே" என்று கேட்டதையும் சொன்னாய். கடைசியில் "என்னாலதாம்ப்பா அவனுக்கு வந்துடுச்சு" என்று அழுதாய். எனக்கு அப்போது வாய் வரவில்லை. ஃபோனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாப்பா, அது உன்னிடம் தொடங்கவில்லை. என்னிடமிருந்து வந்தது. எனக்கும் நிறக்குருடுதான், சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. நம் வீட்டில் இது உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். உன் கல்யாணத்துக்கு முன்பாவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் தப்பு.

சின்ன வயதில் ராத்திரி மருதாணி வைத்துக்கொண்டு படுப்பாய், நினைவிருக்கிறதா? காலையில் கையைக் கழுவியதும் நேராக என்னிடம்தான் ஓடி வருவாய். "நல்லா செவந்திருக்காப்பா?" உள்ளங்கையில் வட்டம் எங்கே இருக்கிறது என்பது தெரியும், தோல் அங்கே மட்டும் கொஞ்சம் இருண்ட மாதிரி. அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்ததே இல்லை. உன் முகத்தைப் பார்த்துத்தான் "ரொம்ப நல்லா செவந்திருக்கு" என்பேன்.

முப்பது வருடத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தினேன். மரபியல் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் நிறக்குருடு வம்சாவளிப் படம் போடுவேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், குறை இருப்பவரை முழுக்க அடைத்துக் காட்ட வேண்டும். அந்த அடைத்த சதுரம் நான்தான் என்று எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. இன்றைக்கு அந்தப் படத்தை நம் வீட்டு ஆட்களை வைத்து உனக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

நம் உடம்பின் செல்லில் 23 ஜோடி குரோமோசோம்கள், ஜீன்களைச் சுமக்கும் இழைகள். அதில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்பதைச் சொல்வது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தேவையான இரண்டு ஜீன்களும் எக்ஸ் மேல் அடுத்தடுத்து இருக்கின்றன. என்னிடம் இருக்கும் ஒரே எக்ஸில் அவற்றில் ஒன்று பழுது. ஈடுகட்ட இன்னொரு எக்ஸ் கிடையாது. மகன் பிறந்திருந்தால் என் ஒய் போயிருக்கும், இது அவனை அண்டியே இருக்காது. மகள் என்றால் என் எக்ஸ் போயே ஆக வேண்டும். இதில் ஒருவேளை என்ற பேச்சே இல்லை. நீ என் மகள், அதனால் அது உன்னிடம் இருக்கிறது. உன் அம்மா கொடுத்த எக்ஸ் நன்றாக இருப்பதால் உனக்கு எல்லா நிறமும் தெரிகிறது, இப்படி ஒன்றைச் சுமப்பதே தெரியாமல் வளர்ந்தாய்.

தம்பி உண்டானபோது உன் முட்டையில் எந்த எக்ஸ் போய் உட்கார்ந்தது என்பது பூவா தலையா போட்டது போலத்தான். என்னுடையது விழுந்தது. மாப்பிள்ளை அவனுக்குக் கொடுத்தது ஒய், அதில் இந்த ஜீன்கள் இல்லவே இல்லை. சம்பந்தியம்மா கேட்டதில் தப்பில்லை. அவர்கள் பக்கத்தில் இல்லை, நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர்களுக்கு நானே ஃபோன் போட்டுச் சொல்கிறேன், நீ அதைச் சுமக்க வேண்டாம். சின்னவளைப் பற்றிக் கவலைப்படாதே. உன்னைப் போல அவளும் இதைச் சுமக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆனால் மாப்பிள்ளையின் எக்ஸ் அவளுக்கு இருப்பதால் நிறம் நன்றாகவே தெரியும்.

தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு, இப்படி ஒரு தலைமுறை ஒளிந்து அடுத்ததில் வெளியே வரும். 1876-லேயே ஹார்னர் என்ற சுவிட்சர்லாந்து கண் மருத்துவர் குடும்பங்களைப் பார்த்து இந்த வழியை எழுதி வைத்துவிட்டார், குரோமோசோம் பற்றியெல்லாம் தெரியாத காலத்தில். அவரைப் படிக்காமலே இதைத் தெரிந்து வைத்திருந்த ஒருத்தி நம் வீட்டில் இருந்தாள். உன் அப்பத்தா.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார் சுற்றுவது, அதாவது நூலைச் சின்னக் குழலில் சுற்றுவது, என் வேலை. எட்டு வயதிருக்கும். அரக்குச் சிவப்பும் இலைப்பச்சையுமாகச் சிட்டங்கள், அதாவது நூல் கட்டுகள், பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். நான் மாற்றி மாற்றிச் சுற்றி வைத்துவிடுவேன். அப்பா கவனமில்லை என்று முதுகில் வைப்பார். ஒரு நாள் அப்பத்தா என்னை ராட்டை பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு சிட்டத்தையும் கையில் கொடுத்தாள். "எது பச்சை?" நான் யோசித்துத் தவறாகச் சொன்னேன். அவள் அடிக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமன் கண்ணு உனக்கு" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாச் சிட்டத்திலும் நுனியில் வெள்ளை நூல் கட்டியிருந்தது. ஒரு முடிச்சு இருந்தால் சிவப்பு, இரண்டு முடிச்சு என்றால் பச்சை. விரலால் தடவினாலே தெரியும். நான் பத்தாவது முடிக்கும்வரை ஒரு சிட்டம் விடாமல் முடிச்சுப் போட்டாள்.

என் தாய்மாமன் ஒரு முறை கரையில் ஒரு முழம் வேறு நிறத்தை ஓட்டி, சேலை திரும்பி வந்து கூலி போனது. பிறகு அவர் தறியில் உட்காரவில்லை, சைக்கிளில் நூல் கொண்டு போய்க் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டார். தன் தம்பியான அந்த மாமனின் கண்ணைத்தான் அப்பத்தா என்னிடம் பார்த்தாள். ஆண்பிள்ளைக்கு இது அப்பாவிடமிருந்து வராது, அம்மா வழியாக அவள் பிறந்த வீட்டிலிருந்துதான் வரும். நம் ஊரில் மாமனைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்பார்களே, இந்த ஒரு விஷயத்தில் அது எழுத்துக்கு எழுத்து உண்மை.

உன் அத்தையை அந்த மாமாவுக்கே கட்டிக் கொடுத்தார்கள் இல்லையா. அவர்கள் மகளுக்கும் இதே கண். பெண்ணுக்கு இது வர வேண்டும் என்றால் இரண்டு எக்ஸும் பழுதாக இருக்க வேண்டும். மாமாவின் எக்ஸ் எப்படியும் பழுது. அத்தையும் உன்னைப் போல ஒன்றைச் சுமந்தாள். சொந்தத்திலேயே கட்டும்போது ஒரே நூல் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஐரோப்பிய வம்சாவளியில் நூறு ஆண்களில் 8 பேருக்கு இருக்கிற இந்தக் குறை பெண்களில் இருநூறு பேரில் ஒருவருக்குத்தான். அங்கே தம்பி வகுப்பிலேயே அவனுக்குத் துணையாக இன்னொரு பையன் இருக்கலாம்.

இந்தப் பழுது எப்படி வருகிறது என்று கேட்டாய். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருப்பாய். தறியில் பழைய பாவு முடியும்போது, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழையதோடு சேர்த்து முறுக்குவார்கள். பக்கத்து இழைகள் ஒரே மாதிரி இருந்தால் ஓர் இழை தள்ளிப் பிணைத்துவிட வாய்ப்பு அதிகம். பெண்ணின் உடலில் முட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். சிவப்பு ஜீனும் பச்சை ஜீனும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதப்பட்டவை, அதுவும் ஒட்டியே இருப்பவை. ஓர் இழை தள்ளிப் பிணைந்துவிட்டால் ஒரு முட்டைக்கு ஒரு ஜீன் குறைந்துபோகும், அல்லது பாதி இது பாதி அது என்று கலந்துபோகும். என்றைக்கோ நம் பாட்டி ஒருத்தியின் உடம்பில் இது நடந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த இரண்டு ஜீன்கள் ஏன் அப்படி ஒரே மாதிரி இருக்கின்றன தெரியுமா? முன்பு ஒன்றுதான் இருந்தது. நாய்க்கும் மாட்டுக்கும் இன்றுவரை கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் இரண்டு வகைதான், நீலத்துக்கு ஒன்று, இந்த ஒற்றை ஜீனுக்கு ஒன்று. நம் மூதாதைக் குரங்குகளில், ஏறத்தாழ 3 அல்லது 4 கோடி வருடங்களுக்கு முன், அந்த ஒரு ஜீன் தவறுதலாக இரண்டு பிரதியாகிவிட்டது. பிறகு மெல்ல மெல்ல இரண்டும் வேறுபட்டு, இலைகளுக்கு நடுவே பழுத்த பழம் தனியாகத் தெரிய ஆரம்பித்தது. உன் மருதாணிச் சிவப்பே ஒரு பிரதிப் பிழையில் கிடைத்ததுதான் பாப்பா. அதே இடத்தில் நடந்த இன்னொரு பிழை என்னிடமிருந்து அதை எடுத்துக்கொண்டது. வகுப்பில் இதை நடத்தும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்துபோகும்.

நீ இருக்கிற மான்செஸ்டரில் ஜான் டால்டன் தெரு என்று ஒன்று உண்டு. அணுக் கொள்கை சொன்ன அதே டால்டன். அவரும் நெசவாளி மகன், அவருக்கும் இதே கண். 1792-ல் பகலில் வான நீலமாகத் தெரிந்த ஒரு ஜெரேனியம் பூ மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்ததைக் கவனித்தார். நண்பர்களிடம் கேட்டால் ஒருவருக்கும் அப்படித் தெரியவில்லை, அவருடைய சொந்த அண்ணனைத் தவிர. 1794-ல் அதை உன் ஊரில்தான் ஒரு சபையில் வாசித்தார். அதற்கு முன் இதைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எவரும் எழுதியதில்லை. தன் கண்ணுக்குள் இருக்கிற நீர் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று நம்பினார். செத்த பிறகு வெட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். 1844-ல் மருத்துவர் வெட்டிப் பார்த்தார், நீர் தெளிவாக இருந்தது. கண்ணை மட்டும் பாதுகாத்து வைத்தார்கள். 1995-ல் அதிலிருந்து கொஞ்சம் திசு எடுத்து டிஎன்ஏ பார்த்தபோது பச்சைக்கான ஜீன் இல்லை என்று தெரிந்தது. செத்து நூற்றைம்பது வருடம் கழித்து அந்த மனிதரின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. தம்பி கொஞ்சம் பெரியவன் ஆனதும் அந்தத் தெருவுக்குக் கூட்டிப் போய் இந்தக் கதையைச் சொல்.

இன்னொன்று. நம் வீட்டுப் பூனை இப்போது திண்ணையில் படுத்திருக்கிறது. கறுப்புத் திட்டும் செம்பட்டைத் திட்டும் கலந்தது. அந்த மாதிரிப் பூனை அநேகமாக எப்போதும் பெட்டையாகத்தான் இருக்கும். செம்பட்டைக்கான ஜீன் எக்ஸில் இருப்பதால்தான். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று உறங்கிப்போகும், ஒன்றுதான் விழித்திருக்கும். எது உறங்கும் என்பதைக் கருவில் ஒவ்வொரு செல்லும் தன் போக்கில் முடிவு செய்துவிடுகிறது. 1961-ல் மேரி லயன் எலிகளை வைத்து இதைச் சொன்னார். உன் கண்ணின் விழித்திரையும் அந்தப் பூனையின் தோல் மாதிரிதான். சில திட்டுகளில் அம்மாவின் எக்ஸ் விழித்திருக்கிறது, சில திட்டுகளில் என்னுடையது. நீ ஒரு பூவைப் பார்க்கும்போது கொஞ்சம் இடத்தில் என் கண்ணாலும் பார்க்கிறாய். இத்தனை வருடமும் அப்படித்தான் பார்த்திருக்கிறாய்.

சரி, இனி தம்பி விஷயம். இது அதிகமாகவும் ஆகாது, குறையவும் குறையாது, அவன் பார்வை கூர்மையாகவே இருக்கும். குணமாக்கும் மருந்து இன்றைக்குக் கிடையாது. விளம்பரத்தில் வரும் கண்ணாடிகள் சில நிறங்களுக்கு நடுவில் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுமே தவிர, இல்லாத ஜீனைக் கொண்டு வராது. அதற்குப் பணத்தைக் கொட்டாதே. கிரேயான் ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டு. நிறத்தை மட்டும் வைத்துப் பிரித்துக் காட்டும் படங்களில் அவனுக்குச் சிரமம் இருக்கும் என்று டீச்சரிடம் சொல்லிவை. டிராஃபிக் லைட்டில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்று இடத்தைச் சொல்லிக்கொடு, நான் நாற்பது வருடமாக அப்படித்தான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். டிரைவர் வேலை ஒன்றுக்கு மருத்துவப் பரிசோதனையில் எனக்கு முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியபோது இருபத்தொரு வயது. அன்றைக்கு உடைந்துபோனேன். தம்பிக்கு அது ஆறு வயதிலேயே தெரிந்திருப்பது நல்லதுதான்.

ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் அவனை நிறுத்தி "இது என்ன கலர் சொல்லு பார்ப்போம்" என்று யாரையும் கேட்கவிடாதே. என் சித்தப்பாமார் கல்யாண வீட்டில் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், நான் சொன்னதும் எல்லாரும் சிரிப்பார்கள். சொல்லாமல் நின்றாலும் சிரிப்பார்கள். அப்பத்தாவின் முடிச்சு எனக்கு எவ்வளவு பெரிய துணை என்பது அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்த எனக்குத்தான் தெரியும்.

பரணில் இருந்த பழைய பெட்டியை இன்று காலை இறக்கித் தேடினேன். இரண்டு சிட்டம் இருக்கிறது, முடிச்சு அவிழாமல். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போது நீ பேசி முடித்துவிட்டு ஃபோனைத் தம்பியிடம் கொடு. தாத்தாவுக்கும் அப்படித்தான் தெரியும் என்று அவனிடம் நானே சொல்கிறேன்.

உன் அப்பா