முறைப்பாடு: நீங்கள் பொருத்திய கேஸ் குழாயைச் சோதிக்க 7 வாரமாக ஒருவரும் வரவில்லை

ஹட்டன்,
2025 ஜூலை 28

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்புக்குரிய ஐயா,

ஹட்டனில் பேக்கரி நடத்துகிறேன். என் வாடிக்கையாளர் இலக்கம் உங்கள் பதிவில் இருக்கிறது. நீங்களே பொருத்தித் தந்த நாலு சிலிண்டர் லைன் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏழு வாரத்தில் உங்கள் ஆட்கள் ஒன்பது பேருக்கு முதலிலிருந்து சொல்லிவிட்டேன். வாய் ஓய்ந்துபோய்த்தான் இப்போது எழுதுகிறேன்.

வலது கைப்பக்கத்து எல்போவில், அதாவது குழாய் வளையும் மூட்டில், கசிகிறது. நாலு சிலிண்டரையும் ஒன்றாக இணைக்கும் குழாயில், ரெகுலேட்டருக்கு முன்னால். ஜூன் தொடக்கத்து அடைமழையில் பின்பக்கத்து மண் அணைச்சுவர் கொஞ்சம் நகர்ந்தது. குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் ஒன்று கழன்று தொங்கியது. அதற்குப் பிறகுதான் மணம் வரத் தொடங்கியது. சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன். விடியற்காலைக் குளிரில் கடுகளவு குமிழி ஒன்று மெதுவாக ஊதி உடைந்தது. மத்தியானம் வெயில் ஏறியதும் அதே இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு மூன்று நாலு குமிழிகள் சேர்ந்து வந்தன. சூடு ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியாததா? தொலைபேசியில் பேசிய உங்கள் அலுவலகப் பிள்ளை ஒருவர் "மலைநாட்டுக் குளிருக்கு அப்படித்தான் மணக்கும்" என்றார். குளிரில் அழுத்தம் குறையுமே தவிர ஓட்டை விழாது, தம்பி.

எங்கள் பக்கத்துக் கடைகளின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன்வாசல் ரோட்டு மட்டத்தில் இருக்கும். பின்னால் சரிவு. சிலிண்டர் கூடு பின்கட்டில் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே கீழறைக்கு இறங்கும் படி. நீங்கள் தரும் கேஸ் காற்றைவிடப் பாரமானது. மேலே பறந்து போய்விடாது, தண்ணீர் மாதிரி படியிறங்கிக் கீழேதான் போகும். அந்தக் கீழறையில்தான் மாவு பிசைகிற இரண்டு பையன்கள் படுக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு எழும்ப வேண்டிய பிள்ளைகள். பனிக்குக் கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்திக்கொள்வார்கள். அங்கே ஒரு சாமி படம் இருக்கிறது. கடை திறந்த நாளிலிருந்து அதற்கு விளக்கேற்றாமல் ஒரு நாளும் போறணையில் தட்டு வைத்ததில்லை. இப்போது ஏழு வாரமாக அந்த விளக்கை ஏற்றவில்லை. பையன்களை முன்கடையில் கதிரைகளை ஒதுக்கிவிட்டுப் படுக்க வைக்கிறேன்.

உங்கள் கண்டி அலுவலகத்துக்கு வந்த நாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நேரில் வந்தால்தான் முறைப்பாட்டைப் பதியலாம் என்றார்கள். கடையை மூடிவிட்டுக் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று மூன்று மணித்தியாலத்துக்கு மேல். பாதி வழி நின்றுகொண்டு வந்தேன். வந்து சேர்ந்தால் இலக்கத் துண்டைத் தந்து பதினொன்றரை வரை உட்கார வைத்தார்கள். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்தவர் நான் கொண்டுபோன குழாயின் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "சிலிண்டருக்குத்தான் நாங்க பொறுப்பு, குழாய் உங்களோடது" என்றார். மணம் வருகிறதே என்றேன். அதற்கு அவர் சொன்ன வார்த்தை: "உங்க ஆக்கள் இவ்வளவு காலமும் தோட்டத்துல விறகுலதானே சமைச்சீங்க, கேஸ் மணம் பழக்கமில்ல."

ஐயா, என் அம்மா கொழுந்து பறித்தவர். விறகு அடுப்பில்தான் எங்களை வளர்த்தார். அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. ஆனால் கேஸ் இயல்பில் மணமில்லாதது, கசிந்தால் மனிதர்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் அதில் மேர்கேப்டன் என்ற மணப்பொருளைக் கலக்கிறார்கள் என்பது எனக்கே தெரியும்போது, அங்கே சம்பளம் வாங்கி உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதா? மணக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் வந்து சொன்னால் அன்றைக்கே ஆள் அனுப்புவதற்காகத்தானே அந்த மணமே! அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதற்குச் சொல்லவில்லை. அன்றைய இலக்கத் துண்டு என்னிடம் இருக்கிறது, நேரத்தை வைத்து நீங்களே கண்டுபிடிக்கலாம்.

சரி, குழாய் என்னுடையதுதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நீங்கள் தந்த உத்தரவாதத் தாளில் "வேறு எவரும் கைவைத்தால் உத்தரவாதம் செல்லாது" என்று ஏன் அச்சடித்தீர்கள்? இங்கே குழாய் வேலை செய்யும் ஒருவர் அரை மணித்தியாலத்தில் மாற்றித் தருகிறேன் என்கிறார். அவரை விட்டால் நாளைக்கு ஏதாவது நடந்தால் என் தலையில் போடுவீர்கள். விடாவிட்டால் கசிகிறது. என் குழாய் என்றால் நான் தொடலாம். உங்கள் குழாய் என்றால் நீங்கள் வாருங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

இந்த ஓட்டத்துக்குப் பிறகுதான் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். "அழுத்தச் சோதனை செய்யப்பட்டது, திருப்தி" என்று ஒரு சான்றிதழ். திகதி 2025 ஜனவரி 14. அன்றைக்குத் தைப்பொங்கல்! கடை பூட்டு, நாங்கள் குடும்பத்தோடு கோயிலில். நாட்டுக்கே விடுமுறை. யார் வந்து, எந்த அழுத்தமானிக் கேஜை மாட்டி, எதைச் சோதித்தார்? பொங்கலுக்கு முந்தின வாரம் குழாய் போட வந்த இரண்டு பேர் அடுப்பை ஒரு தடவை பற்றவைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். அந்தச் சோதனைக்கென்று பில்லில் தனியாகப் பணமும் எடுத்திருக்கிறீர்கள்.

தாளில் ஒன்றும் மண்ணில் ஒன்றுமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை என்றாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் சான் புரூனோ என்ற ஊரில் 2010 செப்டம்பர் 9ஆம் திகதி நிலத்துக்குள் கிடந்த இயற்கை எரிவாயுக் குழாய் வெடித்தது. 8 பேர் செத்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. அந்த இடத்தில் வெல்டிங் பொருத்தே இல்லாத குழாய் கிடக்கிறது என்று நிறுவனத்தின் பதிவில் இருந்தது. தோண்டிப் பார்த்தால் வெல்டிங் செய்த குழாய், அதுவும் மோசமாக வெல்டிங் செய்தது. மேற்பார்வை செய்ய வேண்டிய மாநில ஆணைக்குழுவும் சரியாகக் கவனிக்கவில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அதே ஆணைக்குழு 2015இல் அந்த நிறுவனத்துக்கு 160 கோடி டொலர் தண்டம் விதித்தது. அங்கே கடைசியில் கேட்பதற்காவது ஆள் இருந்தது. என் பின்கட்டுக் குழாயை இன்று வரை எந்த அதிகாரியும் வந்து பார்த்ததில்லை. உங்கள் சான்றிதழ் ஒன்றுதான் எங்களுக்குக் காவல், அதுவும் பொய்த் தாள்.

2021 கடைசியில் நம் நாட்டில் வீட்டுக்கு வீடு அடுப்பு வெடித்தபோது ஜனாதிபதி குழு போட்டு, புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதத்தை மாற்றியதே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகும் உங்களுக்கு ஒரு மணத்தின் அருமை தெரியவில்லையே.

உங்கள் அவசர இலக்கத்தில் தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் சிங்களத்தில்தான் பேசுகிறார்கள். எனக்குச் சிங்களம் தெரியும், சமாளித்துக்கொண்டேன். தோட்டத்தில் ஒரு வயசான அம்மா நடுராத்திரியில் அழைத்தால் என்ன செய்வார்?

மூன்றாவது வாரத்திலிருந்து நாலு சிலிண்டரையும் பூட்டிவிட்டேன். பழைய விறகுப் போறணையில்தான் பாணும் பணிஸும் போடுகிறேன். பாதிதான் தேறுகிறது. பாடசாலைக் கன்டீன் ஓடர் போய்விட்டது. ஐந்து லட்சம் ரூபாவுக்குக் குறையாத நட்டம். பத்து வருடம் பாடுபட்டுச் சேர்த்த பெயரை ஏழு வாரத்தில் அழித்துவிட்டீர்கள்.

தயவுசெய்து வரும் வெள்ளிக்கிழமைக்குள் கேஜோடு ஒரு டெக்னீஷியனை அனுப்புங்கள். எல்போவை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். முழு லைனுக்கும் என் கண்முன்னால் அழுத்தச் சோதனை செய்து, உண்மையான திகதி போட்ட சான்றிதழ் தர வேண்டும். பொங்கல் திகதித் தாளில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று எழுத்தில் சொல்லுங்கள். கவுண்டரில் பேசியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கடந்தால் பாவனையாளர் முறைப்பாட்டு இலக்கமான 1977க்கு அழைப்பேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு அந்தச் சான்றிதழ், பில், நுரை பூசி எடுத்த வீடியோ எல்லாம் போகும். பொலிஸிலும் போடுவேன். அதற்கு முன் நீங்கள் நல்லபடியாக முடித்துத் தருவீர்கள் என்றே இன்னும் நம்புகிறேன்.

வருகிறவர் காலையில் வந்துவிட்டுக் குமிழி சின்னது என்று சொல்லிப் போக வேண்டாம். மத்தியானம் வரச் சொல்லுங்கள். சோதனை முடியும்வரை கீழறைக்கு யாரும் இறங்க மாட்டோம்.

இப்படிக்கு,
பேக்கரி உரிமையாளர்,
ஹட்டன்.