82இல் நாம் பறித்த குறிஞ்சி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது, தாமதத்துக்குக் கோபிக்காதே. முழங்கால் வலி குறைந்ததா? பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா?

இந்த மாதம் முழுக்க நான் நம் கல்லூரியில், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைத்திருக்கும் ஹெர்பேரியத்தில்தான் இருக்கிறேன். தாள்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறார்கள். பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு கட்டைப் பிரித்தால் மேலேயே நீலக்குறிஞ்சி. வலது கீழ் மூலையில் உன் கையெழுத்து! இலை விளிம்பின் பற்களும் நரம்புகளும் அப்படியே இருக்கின்றன. பூதான் காய்ந்த வெற்றிலை நிறத்துக்கு வந்துவிட்டது. ‘பூ: ஊதா கலந்த நீலம்’ என்று நீ எழுதி வைத்ததால்தான் அதன் நிறம் இன்றைக்கும் பிழைத்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் சங்கடம். ‘கொடைக்கானல், செப்டம்பர் 1982’, அவ்வளவுதான் எழுதியிருக்கிறோம். உயரம் இல்லை, எந்தச் சரிவு என்று இல்லை. கணினியில் ஏற்றும் பெண், “அம்மா, கொடைக்கானலில் எங்கே?” என்று கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. ஊரின் நடுவில் புள்ளி வைத்தால் பேருந்து நிலையத்தில் குறிஞ்சி பூத்ததாக ஆகிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியச் செடிகளை ஆராய்ந்த ராபர்ட் வைட் சேகரித்த தாள்களை இப்போது இணையத்தில் பார்க்கலாம். 1866-67இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து அவற்றைப் பகிர்ந்து அனுப்பியபோது ஒட்டிய அச்சுச் சீட்டில் பலவற்றுக்கு ‘இந்தியத் தீபகற்பம்’ என்று மட்டும்தான் இருக்கிறது. எந்த மலை என்று எங்கே போய்த் தேடுவது? படிக்கிற காலத்தில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது படுகிறது, ஏனென்றால் பழனி மலையின் எத்தனையோ புல்வெளிச் சரிவுகள் வாட்டிலும் பைனும் தைல மரமுமாக மாறிவிட்டன. ஒரு சரிவில் குறிஞ்சி இருந்தது என்று சாட்சி சொல்ல இந்தத் தாளை விட்டால் வேறு எதுவும் இல்லை. இடம் எழுதாத தாள் சாட்சி சொல்லாது.

இன்னொன்றும் கவனித்தேன். நம் அலமாரியில் குறிஞ்சித் தாள்கள் 1970, 1982, 1994, 2006 என்றே இருக்கின்றன. நடுவில் ஒன்றுகூட இல்லை. பூ இல்லாத செடியை யாரும் பறிக்கவில்லை, நாமும்தான். பூத்து விதை விட்டதும் செடி செத்துப் போகிறது. விழுந்த விதை முளைத்துப் பதினோரு வருடம் வெறும் பச்சைப் புதராக நிற்கிறது. அதுவும் குறிஞ்சிதானே? எந்த வயதில் எவ்வளவு உயரம் இருந்தது என்று அந்தத் தாள்கள் சொல்லியிருக்கும். 2018இல் விழுந்த விதையின் செடிகள் இப்போது அப்படித்தான் நிற்கின்றன. 2030 வரை காத்திருக்காமல் இந்த வருடமே இலையோடு ஒரு கிளை எடுத்து வாருங்கள், இடத்தையும் உயரத்தையும் அங்கேயே நின்று எழுதுங்கள் என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி, உன்னிடம் ஒரு வேலை. எனக்கு நினைவிருப்பது இதுதான்: பஸ்ஸை விட்டு இறங்கிப் பூம்பாறை ரோட்டில் நடந்தோம். இடப்பக்கம் சரிவு முழுக்க நீலம். உன் செருப்பு அறுந்து, ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்து ஊக்குப் போட்டுக்கொண்டாய். அதற்குக் கொஞ்சம் கீழேதான் பறித்தோம். நீ அப்போது நீல அட்டை நோட்டில் எல்லாவற்றையும் எழுதுவாயே, அது இருக்கிறதா? பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் பார். அந்தக் கல்லில் என்ன எண் என்று குறித்திருந்தால் போனில் சொல்லாதே, அந்தப் பக்கத்தையே படம் எடுத்து அனுப்பு. தாளோடு சேர்த்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
கௌரி