ஆண்டறிக்கை: தகரப் பெட்டியோட மல்லுக்கட்டின வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம தமிழ்ச் சங்கச் செயலாளரா எனக்கு இது ரெண்டாவது அறிக்கை. பொங்கல், சித்திரை விழா, பிக்னிக் எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு, பிக்னிக் அன்னிக்கு மழை பெஞ்சதும் வழக்கம்போலதான். தமிழ் வகுப்புக்கு இன்னும் ஒரு டீச்சர் வேணும், யாராவது முன்வாங்க ப்ளீஸ்.

இந்த வருஷம் நாம உருப்படியா பண்ணதுன்னா அந்தத் தகரப் பெட்டிதான். நம்ம மெம்பர் ஒருத்தங்களோட மாமியார், நார்தாம்டன்லயே பொறந்து வளர்ந்த வெள்ளைக்கார அம்மா, பொங்கலுக்கு வந்தப்ப பழைய போட்டோ, கிழிஞ்ச கடுதாசின்னு ஒரு பெட்டியைக் கொண்டாந்து, பேரப்பிள்ளைங்களுக்கு வம்சாவளி எழுதித் தர முடியுமான்னு கேட்டாங்க. குடும்பப் பேரைப் போட வேண்டாம்னுட்டாங்க, அதனால போடலை.

இங்க இங்கிலாந்துல 1837 ஜூலைலேர்ந்து பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாத்துக்கும் அரசாங்கப் பதிவு இருக்கு, 1841லேர்ந்து வீட்டுல இருக்கற ஒவ்வொருத்தர் பேரோட சென்சஸ் இருக்கு, அப்புறம் என்ன கஷ்டம்னு நெனச்சுத்தான் இறங்கினோம். மொத சர்டிபிகேட்டே தப்பு. நாங்க தேடின அந்தம்மாவோட மூதாதையர் மாதிரியே அதே பேரு, அதே ஊரு, அதே செருப்புத் தொழில், ஆனா வேற ஆளு! காசு போச்சு. அப்புறம் நம்மாளுக்கு 1841ல வயசு 20, 1851ல 31, எது பொய்யின்னு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க சண்டை. 1841ல 15க்கு மேல உள்ளவங்க வயசை அஞ்சின் மடங்குக்குக் குறைச்சு எழுதச் சொல்லியிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. தொழில்னு போட்டிருந்த 'கிளிக்கர்' போட்டோக்காரர் இல்ல, செருப்புக்குத் தோல் வெட்டறவர்.

நெஜமான முடிச்சு இனிமேதான். 1861 சென்சஸ்ல அவர், சம்சாரம், குழந்தைங்க, கூடவே 22 வயசு மச்சினி. 1871ல சம்சாரம்ங்கற எடத்துல அந்த மச்சினி பேரு, வயசு மட்டும் 29! (பத்து வருஷத்துல ஏழு வயசுதான் ஏறியிருக்கு, குடுத்து வெச்ச மகராசி.) மொத சம்சாரம் 1864ல பிரசவ ஜுரத்துல போயிட்டாங்க, இறப்பைப் பதிஞ்சதே தங்கச்சிதான், கையெழுத்து தெரியாம ஒரு பெருக்கல் குறி. ஆனா ரெண்டாவது கல்யாணம் நார்தாம்டன்ல எங்க தேடியும் இல்ல.

நம்மூர்ல அக்கா போயிட்டா தங்கச்சியைக் கட்டி வெக்கறது சகஜம்தானே, இதுல ஒளிக்க என்ன இருக்குன்னு நாங்க. ஆனா இங்கிலாந்துல 1835லேர்ந்து 1907 வரைக்கும் செத்துப்போன சம்சாரத்தோட கூடப்பொறந்தவளைக் கட்டினா அந்தக் கல்யாணமே செல்லாதாம், பொறக்கற குழந்தைக்கும் சட்டப்படி அப்பா கிடையாது. அதனால தெரிஞ்சவங்க கண்ணுல படாம வெளியூர் சர்ச்சுல போய்க் கட்டிக்கறவங்க நெறைய. நாங்களும் தேடலை விரிச்சோம், லண்டன்ல லாம்பெத் பக்கம் 1866 ரெஜிஸ்டர்ல ஆப்ட்டுச்சு. மணமகள் கையெழுத்து எடத்துல அதே பெருக்கல் குறி.

அப்பவும் பாதிப்பேர் நம்பலை, பெருக்கல் குறி யார் வேணா போடலாமேன்னு. அவர் உயில் வந்தப்புறம்தான் அடங்கினாங்க. 'என் மனைவி'ன்னு எங்கயும் இல்ல, அவங்க கன்னிப்பேரைப் போட்டு 'என்னோட குடியிருக்கற'ன்னு எழுதியிருக்கு, 'என் பிள்ளைகள்'னு பொதுவா விடாம ஒவ்வொரு பேரா எழுதியிருக்கு. செல்லாத கல்யாணத்துல பொறந்தவங்க சட்டப்படி 'பிள்ளைகள்'ல சேர மாட்டாங்களே, வக்கீல் வெவரமானவர்.

அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தயங்கினோம். அவங்க விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "அதான் எங்க பாட்டி லண்டன் பேச்செடுத்தாலே வாயை மூடிக்குவாங்களா"ன்னாங்க.

சர்டிபிகேட் செலவை, அந்தத் தப்பானதையும் சேர்த்து, பொருளாளர் இப்ப வாசிப்பார். திட்டறவங்க என்னைத் திட்டுங்க, ஆர்டர் போட்டது நான்தான்.