தக்காளி மலியும்போது தொக்கு கிண்டுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரத்து மிகுந்து விலை சரியும்போது, பறிகூலிக்கும் கட்டுப்படியாகாமல் விவசாயிகள் தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடுவதையும் சாலையோரம் கொட்டுவதையும் தங்கள் நாளிதழில் படிக்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதால், சென்னை நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்க நேர்ந்ததும் இதே தக்காளியைத்தான். மலிவாகக் கிடைக்கும் நாள்களில் வாங்கிப் பக்குவப்படுத்தி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் அருகிவிட்டதே என்பது என் வருத்தம்.

தக்காளியில் ஏறத்தாழ 94 விழுக்காடு நீர்தான் என்பதால் அதைச் சத்தற்றது எனக் கருதுவது சரியன்று. 100 கிராம் பழத்தில் சுமார் 14 மில்லிகிராம் வைட்டமின் சி, 230 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம், செந்நிறத்தைத் தரும் லைகோபீன் ஆகியவை உள்ளன. இவற்றுள் வைட்டமின் சி கொதிக்கக் கொதிக்கக் குறையும். லைகோபீனோ எண்ணெயில் வெந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். நாட்டுத் தக்காளியைக் கையால் பிசைந்து கரைத்து, நுரை கட்டியதும் இறக்கிவிடும் ரசத்தில் முன்னதன் இழப்பு குறைவு. நல்லெண்ணெயில் சுருள வதக்கி, ஓரங்களில் எண்ணெய் பிரியும்வரை கிளறி, வறுத்துப் பொடித்த கடுகும் வெந்தயமும் தூவி இறக்கும் தொக்கில் பின்னது நன்கு பயன்படுகிறது. ஆறியபின் ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அது வாரக்கணக்கில் கெடாது. உப்பு மிகுதி என்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவாகத் தொட்டுக்கொள்வது நல்லது.

சிறுநீரகக் கல் வரும் என்று அஞ்சி விதைகளை வழித்தெறிவோர் இன்னும் இருக்கிறார்கள். கல்லுக்குக் காரணமாகச் சொல்லப்படும் ஆக்சலேட் தக்காளியில் குறைவே. பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் அறிவுறுத்திய சிறுநீரக நோயாளிகள்தாம் கவனமாக இருக்க வேண்டும். தோலை உரித்து எறிவதும் வீண். லைகோபீன் செறிந்திருப்பது அங்கேதான்.

தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் விலை ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க 2018-19 மத்திய நிதிநிலை அறிக்கையில் 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அத்தகைய முயற்சிகளின் பயன் ஒட்டன்சத்திரம், பாலக்கோடு போன்ற சந்தைகளை ஒட்டிய மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு உலர்த்தும் கருவிகளாகவும் கூழாக்கும் கருவிகளாகவும் சென்றுசேரத் தோட்டக்கலைத் துறை ஆவன செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் விலை வீழ்ச்சிச் செய்தியோடு, தொக்கு, வற்றல் ஆகியவற்றின் செய்முறையையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திண்டுக்கல்.